பணம் வாங்காத வழக்குக்கும் வாய்தா உண்டு

கேள்வி: மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு, உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து முதன்முதலாகச் சட்டம் படித்து வந்தவன் நான். வழக்கறிஞராகப் பதிவு செய்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. மதுரை மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு சீனியரிடம் ஜூனியராக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனால் சாவடியில் எனக்காக ஆட்கள் காத்திருக்கிறார்கள். யாரிடமும் பணம் கேட்க மனம் வருவதில்லை. இப்படிச் சேர்ந்த இலவச வழக்குகள் பதினொன்று ஆகிவிட்டன. போன மாதம் சீனியரின் வழக்குக்காக நான் உயர் நீதிமன்றக் கிளையில் நின்றிருந்த நாளில், உசிலம்பட்டியில் ஒரு பெண்ணின் ஜீவனாம்ச மனு, ஆஜராகவில்லை என்று தள்ளுபடியாகிவிட்டது. அந்த அக்கா என்னைத் திட்டக்கூட இல்லை. சீனியர், "ஊர் வேலையை ஊரோடு வைத்துக்கொள்" என்கிறார். அப்பா, "எப்போதுதான் சம்பாதிப்பாய்" என்று கேட்கிறார். இலவச வழக்குகளை விட்டுவிடலாமா? ஏழைகளின் வழக்குகளை நடத்தச் சட்டப்பணிகள் ஆணைக்குழு வைத்திருக்கும் வழக்கறிஞர் பட்டியலில், அதாவது சட்ட உதவிப் பட்டியலில் சேரலாம் என்றால் 'இலவச வக்கீல்' என்று இளக்காரமாகப் பேசுகிறார்களே? தொடர்வதென்றால் எப்படித் தொடர்வது?
பெயர் வெளியிட விரும்பாத வாசகர், உசிலம்பட்டி வட்டம்.

பதில்: தம்பி, உங்கள் மூன்று கேள்விகளுக்கும் முன்னால் அந்தப் பெண்ணின் மனுவைப் பார்ப்போம். மற்றவை சில நாள் காத்திருக்கும், அது காத்திருக்காது.

தள்ளுபடியான மனுவைத் திரும்பவும் கோப்பில் எடுக்கக் கோரி இந்த வாரமே மனு போடுங்கள். புதிதாக ஒன்று தாக்கல் செய்தால் போயிற்று என்று நீதிமன்ற வராந்தாவில் யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். ஜீவனாம்சத்தை மனுத் தாக்கல் செய்த தேதியிலிருந்தே வழங்க வேண்டும் என்று ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. புது மனு என்றால் புதுத் தேதி. பழைய மனு ஓடிய அத்தனை மாதங்களின் பணமும் அந்த அக்காவின் கையை விட்டுப் போய்விடும். மீட்பு மனுவுக்கான பிரமாணப் பத்திரத்தை அவர் பேரில் போடாமல் உங்கள் பேரில் போடுங்கள். அன்று எங்கே இருந்தீர்கள், உங்களுக்குப் பதிலாக ஒருவரை ஏன் அனுப்பவில்லை என்பதை ஒளிக்காமல் எழுதுங்கள். வக்கீலை நம்பி வீட்டில் இருந்த கட்சிக்காரர், வக்கீல் வராமல் போனதற்காகத் தண்டனை அனுபவிக்கக் கூடாது என்று ரஃபீக் எதிர் முன்ஷிலால் வழக்கில் 1981-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. அதைச் சுட்டிக்காட்டுங்கள். ரஜ்னேஷ் தீர்ப்பு இரு தரப்பிடமும் கேட்கும் வருமானம், சொத்து, கடன் பற்றிய பிரமாணப் பத்திரத்தையும் இப்போதே தயாராக வைத்துக்கொண்டால், மனு கோப்பில் ஏறிய உடனே இடைக்கால ஜீவனாம்சம் கேட்கலாம்.

இனி உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்த வரிக்கு வருகிறேன். அந்த அக்கா திட்டக்கூட இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஐயாயிரம் ரூபாய் கொடுத்திருந்தால் அவர் உங்கள் அலுவலக வாசலில் வந்து நின்று, என் வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்டிருப்பார். பணம் கொடுக்காததால் கேட்கவும் தமக்கு உரிமை இல்லை என்று நினைத்துக்கொண்டார். இலவச சேவையில் நான் மிகவும் பயப்படுவது இதைத்தான். ஊருக்கு ஊர் நல்ல மனம் படைத்த இளம் வழக்கறிஞர்கள் கட்டணமில்லாமல் வழக்கு நடத்துகிறார்கள். அங்கே தவறு நடந்தால் வெளியே தெரிவதே இல்லை, ஏனென்றால் குறை சொல்லும் இடத்தில் கட்சிக்காரர் இல்லை. கட்டணம் வாங்காத இடத்தில், கேள்வி கேட்கும் உரிமையை நாமாகத்தான் அவர் கையில் எடுத்துக் கொடுக்க வேண்டும். நான் கீழே சொல்வதெல்லாம் அதை எப்படிச் செய்வது என்பது பற்றித்தான்.

விட்டுவிடலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். ஆனால் பதினொன்றைக் குறையுங்கள். இந்திய பார் கவுன்சில் விதிகளில் 46-ஆவது விதியை எடுத்துப் படியுங்கள். வழக்கறிஞர் தேவைப்படுகிற ஒருவரால் முழுக் கட்டணம் கொடுக்க முடியாவிட்டாலும் அவருக்குச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு என்றும், ஏழைகளுக்கும் ஒடுக்கப்பட்டவர்களுக்கும் இலவசமாக உதவுவது ஒரு வழக்கறிஞர் இந்தச் சமூகத்துக்குச் செய்ய வேண்டிய உயர்ந்த கடமைகளுள் ஒன்று என்றும் அது சொல்கிறது. அதே விதி, அவரவர் பொருளாதார நிலைக்கு உட்பட்டு என்றும் சொல்கிறது. அந்த வரம்பை விதி எழுதியவர்கள் நமக்குச் சலுகையாக மட்டும் வைக்கவில்லை. பெட்ரோலுக்குக் காசில்லாத வழக்கறிஞர் வாய்தாவுக்குப் போக மாட்டார், அவருடைய கட்சிக்காரரின் மனு தள்ளுபடியாகும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

குறைப்பது என்றால் வழக்குக் கட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவுவது அல்ல. ஒப்புக்கொண்ட வழக்கிலிருந்து தக்க காரணமும் போதிய முன்னறிவிப்பும் இல்லாமல் விலகக் கூடாது என்கிறது 12-ஆவது விதி. கட்டணம் வாங்கிய வழக்கு, வாங்காத வழக்கு என்று அது பிரிக்கவில்லை. ஒரு மாலை உட்கார்ந்து பதினொரு கட்டுகளையும் பிரித்துப் பாருங்கள். சாட்சி விசாரணை தொடங்கிவிட்டவை, நீங்கள் மட்டுமே அடிமுதல் நுனிவரை அறிந்தவை, இவற்றை வைத்துக்கொள்ளுங்கள். மூன்று அல்லது நான்குக்கு மேல் இராது என்று நினைக்கிறேன். மற்றவர்களை உசிலம்பட்டி நீதிமன்றத்தில் உள்ள வட்ட சட்டப்பணிகள் குழுவுக்கு நீங்களே அழைத்துக்கொண்டு போங்கள்.

பலர் நினைப்பது போல அங்கே உதவி பெற எல்லோரும் வருமானச் சான்றிதழ் காட்ட வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 12-ஆவது பிரிவில் ஒரு பட்டியல் தந்திருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள், பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள், ஆள் கடத்தலுக்கும் கட்டாய உழைப்புக்கும் உள்ளானவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. மற்றவர்களுக்குத்தான் அரசு நிர்ணயித்த வருமான வரம்பு. வக்கீல் கட்டணம் மட்டுமல்ல, நீதிமன்றக் கட்டணம், அழைப்பாணைக் கட்டணம், சான்றிட்ட நகல் செலவு ஆகியவற்றையும் அவர்களே ஏற்கிறார்கள். உங்கள் பையிலிருந்து நகல் மனுவுக்கும் முத்திரை வில்லைக்கும் கொடுத்துக்கொண்டிருக்கும் பணம் சட்டப்படி கட்சிக்காரருக்கு வேறிடத்தில் கிடைக்க வேண்டிய பணம். நேரில் வர முடியாதவர்களுக்கு 15100 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண் இருக்கிறது.

வழக்கை மாற்றும்போது புதிய வக்காலத்தில் ஆட்சேபமில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டால் மட்டும் போதாது. கட்டில் உள்ள ஒவ்வொரு காகிதத்தையும் எழுதி ஒப்படையுங்கள். புதிய வழக்கறிஞரைக் கட்சிக்காரரோடு சேர்ந்து ஒருமுறை பார்த்து, வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது, எந்த ஆவணம் இன்னும் வரவில்லை என்று சொல்லிவிட்டு வாருங்கள். கட்சிக்காரர் தம்மைத் தள்ளிவிட்டதாக நினைக்காமல் இருக்க அந்த ஒரு நாள் மிக முக்கியம்.

பட்டியலில் சேருவது பற்றி. சேருங்கள். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு விண்ணப்பம் கோரும்போது விண்ணப்பியுங்கள். பட்டியல் வழக்கறிஞருக்கு மூன்றாண்டுக்குக் குறையாத அனுபவம் வேண்டும், உங்களுக்கு இருக்கிறது. மதிப்பூதியம் குறைவு, அதுவும் உடனே கைக்கு வராது. அதை நம்பி வீட்டு வாடகைக்குத் தேதி குறிக்காதீர்கள். ஆனால் எனக்கு அதில் பிடித்த விஷயம் வேறு. பட்டியல் வழக்கறிஞர் வாய்தாவுக்கு வரவில்லை என்றால் கட்சிக்காரர் ஆணைக்குழுவின் செயலாளரிடம் போய் முறையிடலாம். வழக்கறிஞரை மாற்றிக் கேட்கலாம். வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று பட்டியல் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். அதாவது, அந்த அக்காவுக்குத் திட்டுவதற்கு ஓர் இடம் கிடைக்கிறது. உங்கள் தனிப்பட்ட நல்ல மனத்தில் அவருக்குக் கிடைக்காதது இதுதான்.

ஏற்கனவே உங்களை நம்பி வந்தவர், பட்டியலில் உங்கள் பெயர் ஏறிய பிறகு, உங்களையே நியமிக்கும்படி விண்ணப்பத்தில் கேட்கலாம். கேட்டதைப் பரிசீலிப்பார்கள். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். சட்ட உதவியில் ஒதுக்கப்பட்ட வழக்கில் கட்சிக்காரரிடமிருந்து ஒரு ரூபாய் வாங்கினாலும் அது தவறு. 'தட்டச்சுச் செலவு' என்று பெயர் வைத்தாலும் தவறுதான்.

குற்ற வழக்குகளுக்கு இப்போது ஏற்பாடு மாறிவருகிறது. குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக முழுநேரமும் வாதாடச் சம்பளத்துக்கு வழக்கறிஞர்களை நியமிக்கும் திட்டத்தை 2022-இல் தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு வகுத்தது. அதில் சேருபவர்கள் தனியாக வழக்கு நடத்த முடியாது. உங்கள் வீட்டு நிலைமையில் அதையும் யோசித்துப் பார்க்கலாம், மாதச் சம்பளத்தோடு குற்றவியல் விசாரணையைக் கற்றுக்கொள்ள நல்ல வழி. ஆயுள் தண்டனையோ மரண தண்டனையோ கிடைக்கக்கூடிய வழக்குகளில், 10 ஆண்டு அனுபவம் உள்ளவரையே சட்ட உதவியில் நியமிக்க வேண்டும் என்று அனோகிலால் வழக்கில் 2019-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஊர்ப்பாசத்தால் அப்படிப்பட்ட வழக்கு எதையும் நீங்கள் இலவசமாகத் தனியே எடுக்கக் கூடாது. இலவசமாகக் கிடைத்த அரைகுறை எதிர்வாதத்தால் ஒருவர் சிறையில் வயதாவதைவிடக் கொடுமை நம் தொழிலில் இல்லை.

'இலவச வக்கீல்' என்ற பேச்சுக்குக் கூசுகிறீர்கள். உங்கள் ஊர்ப்பக்கத்தில் கூசவே வேண்டியதில்லை. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் பிரமலைக் கள்ளர் மக்களைக் கைரேகை பதியச் சொல்லியும் இரவில் காவல் நிலையத்தில் படுக்கச் சொல்லியும் வதைத்த காலத்தில், 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த மக்களுக்காகப் பேசவும் வழக்காடவும் முன்வந்த மதுரை பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப், செங்கன்னூரிலிருந்து வந்த மலையாளி. அவரை 'ரோசாப்பூ துரை' என்று அழைத்தார்கள், பிள்ளைகளுக்கு ரோசாப்பூ என்று பெயர் வைத்தார்கள். மதுரை மில் தொழிலாளர்கள் சங்கம் அமைக்கவும் அவர் துணை நின்றார். வாதாடியவர் எவ்வளவு கட்டணம் வாங்கினார் என்று உசிலம்பட்டியில் யாரும் நினைவு வைத்திருக்கவில்லை. இளக்காரமாகப் பேசுபவர்களுக்கு நீங்கள் பதில் சொல்லவும் வேண்டாம், அந்த நேரத்தில் ஒரு குறுக்கு விசாரணைக்குத் தயாராகுங்கள்.

சரி, எப்படித் தொடர்வது? கையில் வைத்துக்கொள்ளும் அந்த நான்கு வழக்குகளுக்கும் ஒவ்வொரு தாள் எழுதுங்கள். நான் என்ன செய்வேன், என்ன செய்ய மாட்டேன், கட்டணம் இல்லை, நகலுக்கும் பதிவுத் தபாலுக்கும் ஆகும் செலவை யார் கொடுப்பது, இந்த நீதிமன்றத்தோடு என் பொறுப்பு முடிகிறதா, மேல்முறையீட்டுக்கும் நானா என்பதைத் தமிழில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு ஒரு பிரதியை அவரிடம் கொடுத்துவிடுங்கள். அதே தாளில், ஒவ்வொரு வழக்குக்கும் நீதிமன்றம் தரும் தனி அடையாள எண்ணான சி.என்.ஆர். எண்ணையும் எழுதுங்கள். பதினாறு எழுத்தும் எண்ணும் கலந்த அந்த எண்ணை நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் கைப்பேசிச் செயலியில் போட்டால் அடுத்த வாய்தா எப்போது, போன வாய்தாவில் என்ன நடந்தது என்று வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகூடப் பார்த்துச் சொல்லிவிடும். அந்த அக்காவின் வீட்டில் இந்த எண் இருந்திருந்தால், முதல் நாள் மாலையே உங்களுக்குப் போன் வந்திருக்கும். இலவச வழக்கு என்றால் கட்சிக்காரரிடம் எண்ணைக் கொடுப்பதில்லை, அடிக்கடி கேட்டுத் தொல்லை கொடுப்பார்கள் என்று நம்மில் சிலர் நினைக்கிறார்கள். கேட்கட்டும் தம்பி. கேட்பதுதான் வேண்டும்.

உசிலம்பட்டி மதுரைக்கு மேற்கே, உயர் நீதிமன்றக் கிளையோ நகரத்தைத் தாண்டி ஒத்தக்கடைப் பக்கம். ஒரே காலையில் இரண்டிலும் நிற்க யாராலும் முடியாது. அதனால் உசிலம்பட்டியிலேயே வழக்கு நடத்தும் உங்கள் வயது வழக்கறிஞர் ஒருவரோடு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். வக்காலத்திலேயே இருவர் பெயரும் இருக்கட்டும். அவருடைய மதுரை வேலைகளை நீங்கள் பாருங்கள், உங்கள் உசிலம்பட்டி வாய்தாக்களை அவர் பார்க்கட்டும். 'பாஸ் ஓவர்', அதாவது வழக்கைச் சற்று நேரம் கழித்துக் கூப்பிடும்படி கேட்கவாவது ஒருவர் நின்றிருந்தால் அந்த ஜீவனாம்ச மனு இன்று உயிரோடு இருக்கும்.

அடுத்து, சாவடி. இதை எழுதுவதா என்று யோசித்தேன், எழுதத்தான் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் உட்காரும் சாவடியில் யார் யார் ஏறி வர முடியும் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஊர்ப் பெரியவர்கள் சுற்றி உட்கார்ந்திருக்கும் இடத்தில் கணவன் அடிப்பதைப் பற்றி ஒரு பெண் வாய் திறப்பாரா? காலனியிலிருந்து ஒருவர், அதே பெரியவர்களில் ஒருவர் மீது கூலி பாக்கிக்கோ வன்கொடுமைக்கோ புகார் கொடுக்க வேண்டியிருந்தால், அங்கே வருவாரா? உங்களைத் தேடி வந்தவர்களை மட்டும் பார்த்து ஊருக்கே சேவை செய்வதாக நினைத்துக்கொள்வது எளிது. சட்டம் மிகவும் தேவைப்படுகிறவர் பெரும்பாலும் வராதவர்தான். பள்ளிக்கூடம், நூலகம், மகளிர் குழு கூடும் கட்டடம், எல்லாத் தெருக்காரர்களும் கூச்சமில்லாமல் நுழையும் ஏதோ ஓரிடத்துக்கு மாறுங்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு காலனியிலேயே உட்காருங்கள். உங்கள் சொந்தக்காரர்கள் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

இதை வட்ட சட்டப்பணிகள் குழுவின் முகாமாகவே நடத்த அனுமதி கேட்டால் இன்னும் நல்லது. அவர்களிடம் பயிற்சி பெற்ற சட்டத் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். உங்கள் ஊரில் படித்த பெண் ஒருவரை அந்தப் பயிற்சிக்கு அனுப்பி வையுங்கள். உங்களிடம் சொல்லத் தயங்குவதை அவரிடம் பெண்கள் சொல்வார்கள். 'இலவச சட்ட ஆலோசனை' என்று உங்கள் படத்தோடு பிளெக்ஸ் மட்டும் வைத்துவிடாதீர்கள். நண்பர்கள் ஆர்வத்தில் வைத்தாலும் பொறுப்பு உங்களுடையது. வழக்கறிஞர் விளம்பரம் செய்யக் கூடாது என்ற 36-ஆவது விதி இலவச சேவைக்கு விலக்குத் தரவில்லை.

ஊர்க்காரர் என்பதில் இன்னோர் ஆபத்து. போன வாரம் அண்ணன் வந்து பாகப்பிரிவினை பற்றி எல்லாம் சொல்லிவிட்டுப் போவார், இந்த வாரம் தம்பி வந்து அதே நிலத்தைப் பற்றிக் கேட்பார். அண்ணன் சொன்னதைக் காதில் வாங்கிய பிறகு தம்பிக்கு நீங்கள் வக்காலத்துப் போட முடியாது. ஒரு நோட்டில் தேதி, பெயர், எதிர்த்தரப்புப் பெயர் மூன்றையும் எழுதி வையுங்கள். பேச்சைத் தொடங்கும் முன் எதிர்த்தரப்பு யார் என்று கேட்டுவிடுங்கள். இரண்டு தரப்பும் உங்களையே நடுவில் உட்கார்ந்து தீர்த்து வைக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள், அது கட்டப்பஞ்சாயத்தில் போய் முடியும். சமாதானமாகப் போக இருவருக்கும் உண்மையிலேயே விருப்பம் இருந்தால் மக்கள் நீதிமன்றத்துக்கு அனுப்புங்கள். வழக்குத் தொடராத நிலையிலும் அங்கே போகலாம். அங்கே எழுதப்படும் சமரசம் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், அதன் மேல் மேல்முறையீடு கிடையாது, ஏற்கனவே கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

என் அனுபவத்தில் ஊரில் உட்காரும் வழக்கறிஞர் செய்யக்கூடிய பெரிய உதவி வழக்கு நடத்துவது அல்ல, காலக்கெடு தவறாமல் பார்ப்பது. சம்மன் வந்தால் அதை ரேஷன் கார்டோடு சேர்த்துப் பெட்டியில் வைத்துவிடுகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. உரிமையியல் வழக்கில் சம்மன் வந்தவர் 30 நாளில் எதிர்வழக்குரை, அதாவது தம் பதிலை எழுத்தில் தாக்கல் செய்ய வேண்டும், நீதிமன்றம் நீட்டிக் கொடுத்தாலும் 90 நாள் வரைதான் என்று சட்டம் சொல்கிறது. போகாமலே இருந்து எக்ஸ்பார்ட்டி, அதாவது ஒருதலைத் தீர்ப்பானால் அதை நீக்கக் கேட்பதற்கும் 30 நாள்தான். அதன் பிறகு தாமதத்தை மன்னிக்கக் கோரி ஒரு மனு, அதற்கு ஓர் எதிர்மனு, அதற்கு மேல் ஒரு சீராய்வு என்று ஓர் ஏழைக் குடும்பம் பல வருடம் கோர்ட்டுக்கு நடக்கும். பெட்டியில் கிடந்த சம்மனை நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாங்கிப் படித்திருந்தால் இத்தனையும் வந்திராது.

விபத்தில் அடிபட்டவர் குடும்பத்துக்கும் இதையே சொல்லுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் இழப்பீடு கோர ஆறு மாத வரம்பு 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அந்த வரம்பை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குகள் போயிருக்கின்றன என்றாலும், அதை நம்பி யாரையும் காத்திருக்க விடாதீர்கள். "ஜெயித்தால் வருகிற தொகையில் பார்த்துச் செய்கிறோம்" என்று அவர்கள் சொல்வார்கள். வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதும் கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதும் 20-ஆவது விதிப்படி கூடாது. இலவசம் என்றால் முழு இலவசம், கட்டணம் என்றால் முன்பே சொன்ன கட்டணம். நடுவில் இருப்பது எதுவும் வேண்டாம்.

வயதானவர்கள் மகனுக்கோ மகளுக்கோ செட்டில்மெண்ட் எழுதப் போகும் முன் உங்களிடம் வந்தால் அதுவே பெரிய காரியம். கடைசிவரை சோறும் மருந்தும் கொடுத்துப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பிள்ளை பராமரிக்காமல் விட்டால், 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவின்படி, உசிலம்பட்டி கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்து அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கக் கேட்கலாம். நிபந்தனை எழுத்தில் இருந்தால் வாதாட அதிகம் இராது. நிபந்தனை இல்லாமல் எழுதிக் கொடுத்துவிட்டு மகன் வீட்டுத் திண்ணையில் படுத்திருக்கும் எத்தனையோ பேரை நான் பார்த்துவிட்டேன்.

உங்களுக்கு நேரம் மிஞ்சினால், இன்னொரு வேலை சொல்கிறேன். ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் மதுரை மத்திய சிறையில் இருப்பவர்களுக்கு உதவுவது. ஜாமீன் உத்தரவு வந்து ஒரு வாரத்தில் ஒருவர் வெளியே வரவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், ஒரு மாதத்துக்குள் பிணை கொடுக்க முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம் என்றும் 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. அந்த வழிகாட்டுதலை ஒரு பக்க மனுவாக்கி நீதிபதி முன் வைக்க ஒரு வழக்கறிஞர் இருந்தால் போதும். நாலு மணி நேர வேலை, ஒருவர் வீட்டுக்குப் போவார்.

சீனியர் விஷயத்தில் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அவருடைய கட்சிக்காரர் வேலை நேரத்தில் நீங்கள் சொல்லாமல் உசிலம்பட்டிக்குப் போனால் அவரால் தொழில் நடத்த முடியாது. மாதத் தொடக்கத்தில் உங்கள் நான்கு வழக்குகளின் வாய்தாத் தேதிகளை எழுதி அவர் மேசையில் வைத்து, இந்த நாட்களில் மட்டும் என்னை விடுவியுங்கள் என்று கேளுங்கள். அவருடைய அனுமதியோடு செய்கிற வேலையாக மாறினால், சிக்கலான மனுவை அவரே ஒருமுறை திருத்திக் கொடுப்பார். பெரும்பாலான சீனியர்களுக்கு அந்த மனம் உண்டு.

ஆனால் உங்கள் பக்க நியாயத்தையும் விட்டுக்கொடுக்காதீர்கள். சம்பளம் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை, எழுதாததிலிருந்தே ஊகிக்கிறேன். 2024 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் இதில் தலையிட்டது. சென்னை, மதுரை, கோயம்புத்தூரில் ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாடு பார் கவுன்சில் சுற்றறிக்கை அனுப்பியது. கேட்கக் கூச்சப்படாதீர்கள். மாதச் சம்பளம் வராத ஜூனியர்களால் ஏழைகளுக்கு இலவச சேவை நடக்கும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். அப்பா கேட்கும் கேள்விக்கும் இதில்தான் பாதிப் பதில் இருக்கிறது. மீதிப் பாதி, சாவடிக்கு வருபவர்களில் கொடுக்க முடிந்தவர்களிடம் கட்டணம் வாங்குவது. டிராக்டர் வைத்திருப்பவரின் எல்லைத் தகராறுக்கு நீங்கள் இலவசமாக நிற்க எந்த விதியும் சொல்லவில்லை. அவரிடம் நியாயமான கட்டணத்தைக் கேட்டு, ரசீது கொடுத்து வாங்குங்கள். அவர் கொடுக்கும் பணத்தில்தான் அந்த அக்காவின் வாய்தாவுக்கு நீங்கள் பஸ் ஏற முடியும்.

கடிதத்தின் ஓரத்தில், கட்சிக்காரர்கள் சேவலும் நிலக்கடலையும் கொண்டு வந்தால் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். சட்ட உதவியில் வந்த வழக்கு என்றால் எதுவும் வேண்டாம். உங்கள் சொந்தப் பொறுப்பில் நடத்தும் வழக்கில், வழக்கு முடிந்த பிறகு வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டால் போய்ச் சாப்பிடுங்கள், மறுத்தால் மனம் நோகும். வழக்கு நடக்கும்போது வாங்காதீர்கள். முக்கியமாக, வாய்தாவுக்கு முதல் நாள் ஒருவர் சேவலோடு வந்து நின்றால், நாளைக்கு நீங்கள் வராமல் போய்விடுவீர்களோ என்று அவர் பயப்படுகிறார் என்று பொருள். சேவலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நாளைக்குக் காலை எத்தனை மணிக்கு, எந்த நீதிமன்ற வாசலில் நிற்பீர்கள் என்று சொல்லி அனுப்புங்கள்.